ருக்மணி பேசுவாள் என்பதற்கு இரண்டு சாட்சிகள்

ருக்மணிக்கு ஏழு வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை. தாகம் எடுத்தால் சொம்பைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைப்பாள். தூக்கம் வந்தால் தலையணையைத் தெருவரை இழுத்துக்கொண்டு வருவாள். நூல்கண்டுகளை நிறம் பார்த்து வரிசையாக அடுக்குவாள். அதில் ஒன்றை யாராவது நகர்த்தினால் வீடு இரண்டாகும். தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் அவளுக்கு எல்லாம் புரியும் என்பது அம்மா கன்னியம்மாளுக்குத் தெரியும். நகரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தறிக்கார ஊரில் மற்றவர்களுக்கு அவள் ஊமை. பள்ளிக்கூடத்து வாத்தியாரும் இரண்டு வருடமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்: "பேச்சு வரட்டும்மா. அப்புறம் இட்டாந்து வுடு."

அந்த வருடம் எல்லைத் தகராறு. ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேருமா, ஆந்திராவோடு இருக்குமா என்று முடிவு செய்வதற்காக, எந்த வீட்டில் யார் என்ன மொழி பேசுகிறார்கள் என்று எழுத, சித்தூரிலிருந்து நாகையா என்ற குமாஸ்தா சைக்கிளில் வந்தார். அவர் பின்னாலேயே இரண்டு பேர் அலைந்தார்கள். தமிழ்க் கட்சிக்குத் தறி முதலாளி சின்னசாமி, தெலுங்குக் கட்சிக்கு அரிசி மண்டி சிட்டிபாபு.

கன்னியம்மாள் வீட்டில் புருஷன் தமிழ், பெண்டாட்டி தமிழ் என்று எழுதியாயிற்று.

"பாப்பா என்ன பேசும்?" என்றார் நாகையா.

"அது எங்க பேசுது?" சின்னசாமி முந்திக்கொண்டார். "ஊமைன்னு எழுதுங்க சார். ஊமைன்னா தாய் பேசறதுதானே கணக்கு? தமிழ்ல ஒண்ணு கூடும்."

"அப்படித்தான் உத்தரவு."

"ஊமைன்னு எழுதாதீங்க," என்றாள் கன்னியம்மாள்.

"ஏம்மே, ஊருக்காக ஒரு வார்த்த எழுதினா இன்னா?"

"வாத்தியார் காதுக்குப் போனா என் பொண்ணுக்கு பள்ளிக்கூடமே கெடையாது மாமா."

நாகையா பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "பேசுவாளா, பேசமாட்டாளா? மூணாவது கட்டம் இல்லம்மா."

சிட்டிபாபு இதற்காகவே காத்திருந்தவர்போல் முன்னால் வந்தார். "மாட்லாடுதுந்தி சார், நல்லா பேசுது! மண்டில 'பாப்பா, இட்ரா'ன்னேன், ஓடியாந்துச்சு. தெலுங்குப் புள்ள!"

கன்னியம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "ஆமா சார். தெலுங்குலயே பேசுவா. அண்ணன் கையெழுத்து போடுவாரு."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. புருஷன் ஆதிநாராயணன் தலையை நீட்டினான். "அடியே!"

"நீ நெய்யி."

சின்னசாமிக்கு வியர்த்துவிட்டது. "இன்னாது, தெலுங்கா? தமிழ் பேசும் சார்! நேத்து என்னைப் பாத்து, 'மாமா, துன்னுட்டியா'ன்னு கேட்டுச்சு!"

"இப்பத்தானே ஊமைன்னீங்க?"

"வெக்கப்படற பொண்ணு சார். நானே ஏமாந்துகினு இருந்தேன்."

"பாட்டே பாடும் சார்!" என்றார் சிட்டிபாபு.

"விடுகதை போடும் சார்!"

அதற்குள் ருக்மணி வாசலில் சாத்தியிருந்த குடையை எடுத்துவந்து நாகையாவின் மடியில் வைத்தாள்.

"என்ன சொல்றா?"

"கெளம்புங்கன்னு சொல்றா சார்," என்றாள் கன்னியம்மாள்.

காலையிலிருந்து சிரிக்காத நாகையா சிரித்துவிட்டார். கன்னியம்மாள் விடவில்லை. ருக்மணி பேசுவாள் என்று பெரியவர்கள் இருவரும் சொன்னதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். அவரும் எழுதினார். சின்னசாமி தமிழில் கையெழுத்துப் போட்டார். அதைவிடப் பெரியதாகச் சிட்டிபாபு தெலுங்கில் போட்டார்.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் சொன்னாள்: "இப்ப தமிழ்னே எழுதிக்குங்க சார்."

"செல்லெம்மா! தங்கச்சின்னு நம்பினேனே, இது நியாயமா?" என்று அலறினார் சிட்டிபாபு.

"பேசுவான்னுதானே அண்ணா கையெழுத்து போட்ட? அது நெசந்தானே?"

மறுநாள் வாத்தியார் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "உன் பேரு இன்னா?" என்று கேட்டார். ருக்மணி அவர் மேசையிலிருந்த சாக்கட்டித் துண்டுகளைப் பெரியது முதல் சிறியது வரை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசலையேம்மா?"

"பெரிய மனுசங்க ரெண்டு பேரும் பொய் சொல்லிக்கீறாங்கன்னு எழுதிக் குடுங்க சார். நான் போயிடறேன்."

பள்ளிக்கூடக் கட்டடம் சின்னசாமியுடையது. வாத்தியார் வீட்டில் உலை வைக்கும் அரிசி சிட்டிபாபு மண்டியுடையது. அவர் பெருமூச்சு விட்டுப் பதிவேட்டைத் திறந்து, ருக்மணியின் பெயரை எழுதினார்.

"எங்கம்மா உக்கார வைக்கறது?"

"வாசப்படியாண்ட மட்டும் வேணாம் சார்," என்றாள் கன்னியம்மாள். "ஆடு போச்சுன்னா பின்னாடியே போயிடுவா."