படுதாக் குளத்தில் விழுந்த விழிப்புணர்வு

மூளையைத் தின்னும் அமீபாவைப் பற்றி ஏலக்காய்த் தோட்ட முதலாளி யோகராஜ் விழிப்புணர்வு வீடியோ எடுத்தார். போடிமெட்டுக்கு மேலே, தார்ப்பாய் விரித்து மழைநீரைத் தேக்கியிருந்த தன் படுதாக் குளத்தின் கரையில் நின்றுகொண்டு, "அன்பார்ந்த தொழிலாளப் பெருமக்களே! இந்தத் தண்ணீர் மூக்கில் ஏறினால் மரணம்!" என்று முழங்கிக் கையை வீசினார். வீசிய கையில்தான் செல்போன் இருந்தது.

"ராமரு, எறங்கி எடுடா வெரசா!"

தோட்டத்து வேலையாள் ராமர் மூன்று தடவை முங்கி எடுத்துக் கொடுத்தான். மூக்கில் தண்ணீர் ஏறி அவன் தும்மியதை, காய் பறித்துக்கொண்டிருந்த அவன் மனைவி அமுதவள்ளி பார்த்தாள். முதலாளி இன்னொருவர் போனை வாங்கி, மறுபடி பெருமக்களிலிருந்து ஆரம்பித்தார்.

ஐந்தாம் நாள் ராமருக்குக் காய்ச்சல், வாந்தி. "மண்ட பொளக்குதுடி" என்று முனகினான். அமுதவள்ளிக்குக் குளத்தங்கரைத் தும்மல் ஞாபகம் வந்தது. ஜீப்பில் போட்டு போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். வளைவுக்கு வளைவு, "தூங்காத மாமா, பேசு" என்று கன்னத்தைத் தட்டினாள்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் முதலாளி வந்துவிட்டார், ஆப்பிள் பையோடும் படமெடுக்க ஓர் ஆளோடும்.

"தோட்டத்துக்காகத் தன் இன்னுயிரையே..." என்று செருமினார்.

"உசுரு இன்னும் இருக்கு மொதலாளி" என்றான் ராமர், கண்ணைத் திறக்காமல்.

டாக்டர் பவித்ரா காகிதத்தோடு வந்தார். "அமீபா இல்லம்மா." ராமரின் கையைத் தூக்கிக் காட்டினார். கக்கத்தில், பீடி சுட்டதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு. "உண்ணிக் காய்ச்சல். செடிக்குள்ள இருக்கற பூச்சி கடிச்சிருக்கு. மாத்திரைக்குக் கேக்கும். நல்ல வேள, வெரசா கொண்டாந்தீங்க."

"மூளைக்கு ஒண்ணுமில்லயே டாக்டரம்மா?"

"ஒண்ணுமில்ல."

அமுதவள்ளி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப நம்ம குளத்துல அமீபா இல்லனு எழுதித் தந்துருங்களேன்" என்றார் யோகராஜ்.

"நான் பாத்தது இவரு முதுகுத் தண்ணிய. உங்க குளத்த இல்ல சார்."

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "பசிக்குதுடி, பரோட்டா கொண்டா" என்றான் ராமர்.

அவ்வளவுதான். சாகப்போகிறவனைத் திட்டக்கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கிளம்பியது. "கக்கத்துல இம்புட்டுப் பொருக்க வச்சுக்கிட்டு ஒரு வார்த்த சொன்னியாய்யா? நீயெல்லாம் மனுசனா? பரோட்டா வேணுமாம்ல, பரோட்டா!" வார்டே திரும்பிப் பார்த்தது. கண்ணைத் துடைக்கவும் நேரமில்லாமல் திட்டிக்கொண்டே இட்லியைப் பிட்டாள். வாயைத் திறந்தால் ஊட்டுவாள் என்பதால், ராமர் எதிர்ப்பேச்சுப் பேசாமல் வாயை மட்டும் திறந்தான்.