பட்டர் பேப்பரில் பத்து வட்டங்கள்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வீடு தேடி வந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை" என்றது. வந்தது அக்கா. என் கூடப் பிறந்தவள் அல்ல, என் நண்பனின் அக்கா. நாளிதழ் ஒன்றில் முப்பது வருடம் படங்களுக்குக் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவள்.

அவள் வருவதற்கு முதல் நாள் எங்கள் ஊர் வாத்தியார் வந்திருந்தார். அந்த ஆண்டு நடந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றனவாம், நினைவு மலர் போடுகிறார்களாம். எந்த ஆண்டு என்று சொல்ல மாட்டேன். ரேடியோவில் பாட்டைப் பாதியில் நிறுத்தி அறிவிப்பு வாசித்த ஆண்டு. தணிக்கை முத்திரை இல்லாமல் ஒரு படம்கூட அச்சாகாத ஆண்டு. மூன்று பேர் டீ குடித்தால் நாலாவதாக ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேப்பரில் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படித்த ஆண்டு. உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று வந்து போயிருக்கும்.

"நீதான் எழுதறவன். உன் கையாலயே எழுதிடு" என்றார் வாத்தியார். "யார் காட்டிக் குடுத்தாங்கறது பேரோட வரணும். இன்னும் எத்தனை நாளைக்கு மூடி மறைக்கிறது?"

எழுதித் தருகிறேன் என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

2.

முதல் தொடக்கம்: தபால் நிலையத்தின் படிகளில் அன்று காலை பதினொரு பேர்

[நிறுத்திவிட்டேன். அந்த எண் எங்கோ உறுத்துகிறது. அப்புறம் பார்க்கலாம்.]

இரண்டாவது தொடக்கம்: காட்டிக் கொடுப்பவர்கள் சிறு வயதிலேயே தங்கள்

[அடித்துவிட்டேன். காட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தம்பியின், அதாவது அக்காவின் தம்பியான என் நண்பனின், சிறு வயது எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே பெஞ்சு. தப்பு செய்தவன் யாரென்று கேட்டால் தானே எழுந்து நின்று அடி வாங்கிக்கொள்வான். கதைக்கு உதவாத பிள்ளை.]

மூன்றாவது தொடக்கத்தை விட்டுவைக்கிறேன். இதில் பொய் குறைவு:

மூடிய மில்லைத் திறக்கச் சொல்லி தபால் நிலையப் படிகளில் அட்டை பிடித்து நின்றவர்களை நாளிதழின் போட்டோகிராபர் படம் எடுத்தார். அந்தப் படம் அச்சாகவேயில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் அதிலிருந்த பத்துப் பேரை, வாத்தியாரையும் சேர்த்து, வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். தையல்காரர் வரவில்லை. தம்பியை மட்டும் யாரும் தொடவே இல்லை.

எல்லாரையும் பிடித்தவர்கள் ஒருவனை மட்டும் விட்டார்கள் என்றால் அவன்தான் ஆள். இதுதான் கேஸ். இதற்கு மேல் ஒரு சாட்சி, ஒரு துண்டுச் சீட்டு, எதுவும் கிடையாது. ஆனாலும் நாற்பது வருடம் நின்று பேசுகிறது. சேதி கொண்டுபோய்ச் சேர்ப்பவனாம், தம்பிக்குத் 'தபால்' என்று பேரும் வைத்தார்கள். அவன் டீக்கடைக்குள் நுழைந்தால், "தபால் வந்தாச்சுப்பா, பேச்சை மாத்து" என்பார்கள். அவன் தன் டீயைக் குடித்துவிட்டு, கிளாசைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.*

* கிளாசைக் கழுவியது நான் சேர்த்ததாக இருக்கலாம். பாவப்பட்டவன் என்று காட்ட எழுத்தாளர்கள் இப்படி எதையாவது கழுவ விடுவார்கள். நம்ப வேண்டாம்.

3.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தாள். உள்ளே அந்தப் படம். அதன் மேல், அடியில் இருப்பது மங்கலாகத் தெரியும், மஞ்சளாகிப்போன பட்டர் பேப்பர் ஒன்று ஸ்டேப்ளர் பின்னோடு ஒட்டிக்கிடந்தது. அதில் சிவப்புப் பென்சிலால் பத்து வட்டங்கள்.

அவளுடைய வேலை அப்படி. கூட்டமாக நிற்கும் படம் அச்சில் கரிக்கட்டையாகிவிடும். அதனால் படத்தின் மேல் பட்டர் பேப்பரை வைத்து, தெளிவாக வர வேண்டிய முகங்களைச் சுற்றி வட்டம் போடுவாள். படத்தை அச்சுக்கு பிளாக் செய்கிறவர் அந்த முகங்களை மட்டும் தூரிகையால் வெளுப்பாக்கித் தருவார். வட்டம் இல்லாத முகம் நிழலோடு நிழலாகப் போய்விடும்.

அன்று வந்த படத்தில் தம்பி நின்றான். அப்போது அவனுக்கு அரசாங்க ஆபீசில் தற்காலிக வேலை. படம் தெளிவாக வந்தால் வேலை போய்விடும். அக்கா ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. அவன் முகத்தைச் சுற்றி மட்டும் வட்டம் போடாமல் விட்டாள்.

"தணிக்கைக்கு அனுப்புறப்போ பட்டர் பேப்பரை உருவிடணும். எப்பவும் கிளிப்புதான் மாட்டுவேன், உருவறதுக்கு லேசா இருக்கும்னு. அன்னைக்கு கிளிப்பு தீந்துபோச்சு. ஸ்டேப்ளர் அடிச்சேன். அப்புறம் பக்கத்தை மூடற அவசரத்துல மறந்தே போயிட்டேன்."

"அப்போ அவங்க..."

"வட்டத்தைப் பார்த்தாங்க. பத்திரிகைக்காரனே ஆள் அடையாளம் போட்டு அனுப்பியிருக்கான்னு நெனச்சுட்டாங்க. வட்டம் இருந்த முகத்துக்கெல்லாம் ஆளைத் தேடிப் பிடிச்சாங்க. யாரும் காட்டிக் குடுக்கலப்பா. நான் முகம் நல்லா வரணும்னு பண்ணினேன்."

அந்த ஆண்டு முடிந்த பிறகு தணிக்கை அலுவலகம் படங்களை மூட்டையாகத் திருப்பி அனுப்பியதாம். ஸ்டேப்ளர் பின் கழற்றப்படாமலே திரும்பி வந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியதாம்.

4.

இந்த இடத்தில் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். நான் பட்டேன்.

நாற்பது வருடம் சும்மா இருந்துவிட்டு, மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில் வந்து சொல்கிறாள். பட்டர் பேப்பரை எவரும் எப்போது வேண்டுமானாலும் மஞ்சளாக்கலாம், வெயிலில் போட்டால் போதும். சிவப்புப் பென்சில் கடையில் கிடைக்கிறது. தம்பியைக் காப்பாற்ற அக்கா கட்டிய கதை என்றுதான் வாத்தியார் சொல்வார். நான் வாத்தியாராக இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலக்கா?"

"யார்கிட்ட சொல்ல? தையல்காரர் பொண்டாட்டி எங்க தெருதான். தினம் தண்ணி பிடிக்கற எடத்துல அவங்க முகத்தைப் பார்க்கணும். தம்பிகிட்ட சொன்னேன். 'என் பேரு கெட்டது கெட்டதுதான், உன் பேரும் கெட வேணாம், வாயைத் திறக்காதே'ன்னுட்டான். போன மாசம் அந்தம்மா செத்துப்போனாங்க. சாவுக்குப் போனவனைத் தெருமுனையிலயே நிறுத்தி, உள்ள வராதேன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தான். அதுக்கு மேல என்னால முடியல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும். ஆனால் நான் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதையும் சந்தேகப்படுங்கள்.

5.

மாற்று முடிவு அ: மலரில் அக்காவின் வாக்குமூலம் வெளிவருகிறது. யாரும் நம்பவில்லை. தம்பி தபாலாகவே

மாற்று முடிவு ஆ: தம்பி உண்மையிலேயே காட்டிக் கொடுத்தவன்தான். அக்கா

[வேண்டாம். இது எனக்கு ரொம்ப வசதியான முடிவு. வசதியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.]

6.

"நான் எழுதறேன்க்கா. ஆனா உங்க பேச்சை மட்டும் வெச்சு நம்ப மாட்டாங்க" என்றேன். "பதினோரு பேர்ல ஒருத்தன்தான் வெளியில இருந்தான்கறது அப்படியே நிக்குதே."

அக்கா பட்டர் பேப்பரைத் தூக்கிவிட்டுப் படத்தை என் பக்கம் திருப்பினாள்.

"முகம் பதினொண்ணு. ஆளு பன்னெண்டு."

பின்படியில் ஒருவன் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தபால் நிலையக் கதவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தான். ஸ்டாம்பு வாங்கப் போகிறவன் மாதிரி. படத்தைப் பார்த்த தணிக்கைக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவனுடைய வெள்ளைச் சட்டையில், இடது தோளுக்குக் கீழே, கறுப்பாக ஒரு முக்கோணம்.

"அது இஸ்திரிப்பெட்டி சுட்டது. நான்தான் சுட்டேன்" என்றாள் அக்கா. "எங்க அப்பா திட்டுவாருன்னு தம்பி அந்தச் சட்டையை உனக்குக் குடுத்துட்டான். மேல கோட்டு போட்டுக்கிட்டா தெரியாதுன்னு நீயும் வாங்கிட்டுப் போனே."

படத்தின் மேல் பட்டர் பேப்பரை மறுபடி இறக்கிவிட்டேன்.

அன்று நான் ஊரில் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருந்தேன் என்று. அம்மா திடமாகத்தான் இருந்தாள். அவர்களோடு நிற்கத்தான் அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கேமராவைப் பார்த்தேன். நைசாகத் திரும்பி, படியேறி உள்ளே போய், உண்மையிலேயே ஸ்டாம்பு வாங்கினேன்.

நான் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் 'நானும் அங்கே இருந்தேன், என்னையும் பிடிக்கவில்லை' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தம்பியின் மேலிருந்த கேஸ் அன்றைக்கே உடைந்திருக்கும். சொன்னால் அடுத்த தபால் நான். அதனால் அவன் டீ குடிப்பதை எதிர் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. இதற்கு வேறு அலங்காரமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

"எப்பலேருந்து தெரியும்க்கா?"

"படம் மேசைக்கு வந்த அன்னைக்கே. முதுகுக்கு வட்டம் போடற வழக்கமில்ல." எழுந்து செருப்பை மாட்டினாள். "நீயே சொல்லுவேன்னு தம்பி சொல்லிட்டே இருந்தான். இப்பல்லாம் சொல்றதில்ல."

படத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். பின்பக்கத்தில், குறிப்பு எழுதும் அவளது குண்டு கையெழுத்து. படம் தணிக்கையிலிருந்து திரும்பி வந்த பிறகு எழுதியிருக்க வேண்டும், மை அவ்வளவு பழசு:

*படிகளில், இடமிருந்து வலம்: வாத்தியார், கண்டக்டர், கம்பவுண்டர், தையல்காரர், வங்கிக் குமாஸ்தாக்கள் இருவர், மில் தொழிலாளர் நால்வர், என் தம்பி. பின்படியில்:*

அதற்குப் பிறகு இடம் விட்டிருக்கிறாள்.

7.

வாத்தியார் வியாழக்கிழமை காலையில் வருவார். மேசையில் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று அவர் கேட்ட கட்டுரை. நாலு பக்கம், நல்ல நடை, காட்டிக் கொடுத்தவன் பேரோடு. இன்னொன்று நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. எதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்? இவ்வளவு தூரம் வந்த பிறகு என் வார்த்தையை நம்பினால் அது உங்கள் தப்பு.

அதனால் நீங்களே பாருங்கள். கையிலிருப்பதை மூடி, அட்டையைத் திருப்புங்கள். அது நினைவு மலராக இருந்தால், நான் இதைத்தான் வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். தம்பி ஏதோ ஒரு வீட்டு வாசலில் தடுக்கப்படாமல் உள்ளே போயிருப்பான்.

என் பேரை மட்டும் பெரிதாகப் போட்ட சிறுகதைத் தொகுப்பாக இருந்தால், நான் மறுபடியும் ஸ்டாம்பு வாங்கப் போய்விட்டேன்.