பூசை போட்ட லேப்டாப்

செல்வராணி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "இந்த லேப்டாப் இன்னொரு தடவ மக்கர் பண்ணுச்சுன்னா, நீங்க சொல்ற சிங்கப்பூர் வேலைக்கே வந்துடறேண்ணே, போதுமா?" என்று போன மாதம் ஆத்திரத்தில் சொல்லித் தொலைத்தாள். அண்ணன் வீரமுத்து சும்மா விடுகிற ஆளா? மறுநாளே சிங்கப்பூர் சூப்பர்வைசர் ஒருவரிடம் தங்கையின் பெயரைச் சொல்லி வைத்துவிட்டார்.

பாசிர் கூடாங் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, மாசாயில் ஒரு கடைவரிசையின் மாடியில் அவள் ஓர் எம்பிராய்டரி கடை போட்டிருந்தாள். சட்டையோ தொப்பியோ ரவிக்கையோ, எதைக் கொடுத்தாலும் பூவும் பேரும் தைத்துத் தருவாள். ஊருக்கெல்லாம் அது கடை. அண்ணன் வாயில் மட்டும் அது கடை ஆனதே இல்லை. "அந்த ரூமுக்குப் போயிட்டியா? ரூம்ல ஆள் யாரும் வந்தாங்களா?" என்றுதான் கேட்பார். கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தையல் மெஷின் பழசு. அதற்கு டிசைன் அனுப்பும் லேப்டாப் அதைவிடப் பழசு. மெஷினின் தடித்த கேபிளைச் செருகப் புது லேப்டாப்புகளில் இடமே கிடையாது. அந்தக் கேபிளுக்கு ஏற்ற சீரியல் போர்ட் இதன் முதுகில் இருந்ததால், அண்ணனின் பழைய சாமான் கிடங்கிலிருந்து அவளே தேடித் தூக்கி வந்தாள். "எடைக்குப் போட வச்சிருந்த சாமான்லா அது!" என்று அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

நேற்று ஆயுத பூசை. கடை போட்டபின் வரும் முதல் பூசை, விடுவாளா? உழைக்கிற ஆயுதம் அன்றைக்கு ஓய்வெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மெஷினைத் துடைத்து, லேப்டாப்பின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை படைத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் கடையைத் திறந்ததும் சிலம்பப் பயிற்சியாளர் அர்ச்சுனன் வந்து நின்றான். அவனிடம் சிலம்பம் பழகும் பிள்ளைகள் சாயங்காலம் பஸ் ஏறி சிகாமட்டுக்குப் போட்டிக்குப் போகிறார்கள்.

"சட்டையெல்லாம் சியாப்பாக்கா, ரெடியா?"

"பேரு போடறது மட்டும்தான் பாக்கி தம்பி. மத்தியானம் வாங்க, கையில தரேன்."

சொல்லிவிட்டு லேப்டாப்பைப் போட்டாள். ஏதோ ஆங்கில எச்சரிக்கை வந்தது. தொடர எஃப்-ஒன்னை அழுத்து என்றது, அழுத்தினாள். அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்! முதல் பெயரை மெஷினுக்கு அனுப்பினாள். மெஷின் மூச்சு விடவில்லை. மறுபடி அனுப்பினாள். ம்ஹூம்.

அந்த நேரம் பார்த்தா வீரமுத்து மாடியேறி வரவேண்டும்! சந்தனப் பொட்டையும் ஓடாத மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அலமாக்! போர்ட்டுக்குள்ள சந்தனத்த அப்பிட்டியா? பூசை போட்டே சாகடிச்சிட்டியே!" என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சொன்ன சொல் ஞாபகம் இருக்குல்ல ராணி? அந்த சூப்பர்வைசர் இன்னிக்குப் போன் பண்றேன்னாரு" என்றார்.

சிங்கப்பூர் வேலை என்றால் என்ன என்று செல்வராணிக்குத் தெரியும். விடிவதற்கு முன் எழுந்து, பாலம் தாண்டி, யாரோ ஒருவர் கடிகாரத்துக்கு ஓடவேண்டும். அதைவிட, அர்ச்சுனனிடம் என்ன சொல்வாள்? அழுகை வருமுன் கோபம் வந்தது.

"கொஞ்ச நேரம் வாய மூடிட்டு உக்காருங்கண்ணே."

டார்ச் அடித்துப் போர்ட்டைப் பார்த்தாள். சந்தனத்தின் சுவடே இல்லை. கேபிளை அழுத்திச் செருகினாள். பலனில்லை. திரையை முறைத்துக்கொண்டே இருந்தவளின் கண், அதன் மூலையிலிருந்த தேதியில் விழுந்தது. இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.

"அண்ணே, இது தேதிய மறந்துடுச்சு!"

"தேதிக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம்?"

"பெரிய பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு, அதனால பிளக்க நான் கழட்டினதே இல்ல. உள்ள காசு மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கு, இதோட ஞாபகத்த அதுதான் காக்கணும். அதுவும் போயிருக்கு. நேத்து ஓய்வு கொடுக்கறேன்னு பிளக்கப் பிடுங்கி, நானே எல்லாத்தையும் அழிச்சிட்டேன்!"

லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். எழுத்துகள் ஓடும்போதே எஃப்-டூவைத் தட்டினாள். செட்டிங் மாற்றும் நீலத்திரை வந்தது. தூக்கி வந்த புதிதில் ஒரு வாரம் முட்டி மோதி அவள் சரி செய்த இடம்தான். அன்று மாற்றியதெல்லாம் இன்று பழையபடி கிடந்தது. சீரியல் போர்ட் அணைந்திருந்தது. அதற்குரிய 'காம் ஒன்' என்ற இடத்தில், கம்பியில்லாமல் தகவல் அனுப்புகிற, யாருக்கும் வேண்டாத இன்ஃப்ராரெட் கண் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"இவன் இடத்துல அவன் குடியேறிட்டான். அதான் நான் அனுப்புனது மெஷினுக்குப் போகவே இல்ல" என்றாள். இன்ஃப்ராரெட்டை அணைத்தாள். சீரியல் போர்ட்டை உயிர்ப்பித்து, அதன் இடத்தை அதனிடமே கொடுத்தாள். தேதியைத் திருத்திச் சேமித்தாள். விண்டோஸ் மெதுவாக எழுந்து வந்தது.

முதல் பெயரை அனுப்பினாள்.

மெஷின் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு தடதடவென்று ஊசி இறங்கியது. சிவப்புத் துணியில் மஞ்சள் நூலால் 'தஸ்லிமா' என்று எழுத்தெழுத்தாக எழுந்தது. செல்வராணிக்குக் கண் நிறைந்தது. என் கடை, என் கை, என் மூளை என்று மனசு கும்மாளம் போட்டது. இருக்காதா பின்னே!

வீரமுத்து எழுந்து வந்து அந்தப் பெயரை விரலால் தடவினார்.

"அடுத்த வருசமும் சந்தனம் வைப்பேன், பிளக்க மட்டும் தொடமாட்டேன்" என்றாள் அவள். "அந்தக் குட்டி பேட்டரி ஒண்ணு வாங்கிட்டு வாங்கண்ணே."

மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வாசல் வரை போயிருப்பார், கைப்பேசி அடித்தது. சிங்கப்பூர் எண். தங்கை தையலை நிறுத்தாமல் காதை மட்டும் அங்கே வைத்தாள்.

"ஆமா சார், என் தங்கச்சிதான்" என்றார் வீரமுத்து. மெஷின் சத்தத்தில் அவர் கொஞ்சம் உரக்கவே பேசவேண்டியிருந்தது. "இல்ல சார், அவ வரமாட்டா. அவ வந்துட்டா கடைய யாரு பார்த்துக்குவா?"