பத்து விநாடி

"ஜில், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"நீங்களும் கீத்தும் ஒரே ரூம்லயா தூங்குறீங்க?"

"ஆமா. அவர் விடுற குறட்டைக்கு, வேற ரூமுக்கு ஓடிடலாம்னு சில நாள் தோணும்."

"ஒரே ரூம் வேணும்னு யார்கிட்ட கேட்டீங்க?"

துணி துவைக்கும் அறையில் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை நைஜலும் மற்ற இரண்டை நானும் பிடித்திருந்தோம். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. எழுதிப் பார்த்தால் சட்டுச்சட்டென்று கேட்டுவிட்டது போலத் தெரிகிறது. இந்த மூன்று கேள்விகளுக்குள் ஒன்பது விரிப்புகளை மடித்து முடித்திருந்தோம். நைஜலுக்குச் சொல் வர நேரமாகும். வாய் திறக்கும், மூச்சு வரும், சொல் எங்கோ பின்னால் நிற்கும். காத்திருந்தால் வந்துவிடும்.

யாரிடமும் கேட்கவில்லை என்றேன். "கேக்காமலேயா?" என்று விரிப்பை நழுவவிட்டார்.

அதற்குப் பிறகு நான் சொன்னதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. லொரெய்னிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். பிறகு பதிவேட்டில் 'துணி மடிக்க விரும்பினார், உற்சாகமாக இருந்தார்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

எங்களுடையது இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கடற்கரையில், கற்றல் குறைபாடு உள்ள ஆறு பேர் வாழும் சிறிய இல்லம். நைஜல் அவர்களில் ஒருவர், நான் பராமரிப்புப் பணியாள். லொரெய்ன்தான் மேலாளர். கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் யாராவது எப்போதோ புகார் எழுதியிருப்பார்கள். எல்லாரையும் செல்லம் என்பாள். நைஜலுக்கு ஐம்பத்து நான்கு வயது, தலை முழுக்க நரை. அவரும் செல்லம்தான். அவளுக்கு உண்மையான செல்லம் ஒன்று உண்டு, அது அவளுடைய லேமினேஷன் இயந்திரம். 'வெந்நீர் சுடும்' என்று லேமினேட் செய்து ஒட்டுவாள். 'இங்கே எல்லாரும் குடும்பம்' என்று ஒட்டுவாள். சாப்பாட்டு அறைச் சுவரில், ஏதோ பயிற்சி வகுப்பிலிருந்து கொண்டுவந்த ஒரு வாசகத்தை நீல நிறத்தில் பெரிதாக ஒட்டியிருந்தாள். 'கேள்வி கேட்டபின் பத்து விநாடி காத்திருங்கள்.' அந்தச் சுவருக்குக் கீழே நின்றுதான் அவள் நைஜலிடம் "டீயா, காபியா, டீதானே செல்லம்?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டுக் கெட்டில் சுவிட்சைத் தட்டுவாள். நைஜலுக்குப் பிடித்தது காபி. பதினோரு வருடமாக டீ குடிக்கிறார்.

கேட்டுப் பாருங்கள் என்று நைஜலை நான் அனுப்பியது இந்த லொரெய்னிடம்தான். அவரும் கேட்டுப் பார்த்தார். அலுவலகக் கதவருகில் போய் நின்று வாயைத் திறப்பார். அவள் பிஸ்கட் டப்பாவை நீட்டுவாள். வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அந்த இரண்டு வருடத்தில் நைஜலின் எடை ஏறியது. 'அடிக்கடி நொறுக்குத்தீனி கேட்கிறார்' என்று பதிவேடு சொல்கிறது.

அவர் கேட்க வந்தது ட்ரூடியைப் பற்றி. ட்ரூடி மாடியறையில் இருந்தாள். நாற்பத்தொன்பது வயது, உரத்த சிரிப்பு, பல் டாக்டர் என்றால் மட்டும் பயம். டிவியில் மாலை ஐந்து மணி வினாடி வினா நிகழ்ச்சிக்கு இருவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அவர் அவளுக்காகத் தலையணையைத் தட்டி வைப்பார். அவள் தன் கேக்கில் பாதியை அவருக்குத் தருவாள். ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் புதிதாக வந்த பணியாள் பார்த்துவிட, லொரெய்ன் சம்பவப் படிவம் நிரப்பினாள். என்ன சம்பவம்: கைபிடித்தல். எவ்வளவு நேரம்: சுமார் இருபது நிமிடம். காயம்: இல்லை.

அதன்பிறகுதான், எங்கள் இல்லத்தை நடத்தும் நிறுவனத்துக்குச் சொந்தமான இன்னோர் இல்லத்தில் இடம் காலியானது. நாற்பது மைல் தூரம். ட்ரூடிக்கு அங்கே பொருந்தும் என்று லொரெய்ன் கண்டுபிடித்தாள். எங்கள் தொழிலில் யாரையும் யாரும் அனுப்புவதில்லை, அவர்களே விரும்பிப் போகிறார்கள். அதற்குப் படஅட்டைகள் இருக்கின்றன. இரண்டைக் காட்டுவது, எதைத் தொடுகிறார்களோ அது அவர்கள் விருப்பம். லொரெய்ன் ஓர் அட்டையில் பூந்தோட்டம் வைத்த வீட்டைக் காட்டினாள். இன்னோர் அட்டையில் எங்கள் இல்லம் இருந்திருக்க வேண்டும். தேடினாள், கிடைக்கவில்லை. பெட்டியில் கைக்கு வந்ததை எடுத்து நீட்டினாள். அது பல் டாக்டர்.

ட்ரூடி பூந்தோட்டத்தைத் தொட்டாள்.

'இடம் மாற விரும்பித் தேர்ந்தெடுத்தார்' என்று எழுதப்பட்டது. சாட்சிக் கையெழுத்து என்னுடையது. வேன் திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு.

முந்தைய வெள்ளிக்கிழமை, இல்லங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர் மறுநாள் வருகிறார் என்று தொலைபேசி வந்தது. சிறிய இல்லங்களுக்கு ஒரு நாள் முன்னால் சொல்லிவிடுவார்கள், வந்து பார்த்தால் எல்லாரும் கடற்கரைக்குப் போயிருக்கக் கூடாது என்று. லொரெய்னின் இயந்திரம் மதியம் வரை சூடாகவே இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குள் பழங்கள் வந்தன. பூட்டியே கிடந்த தோட்டக் கதவுக்கு எண்ணெய் போட்டுத் திறந்து வைத்தோம். ட்ரூடியின் மாடியறையில் அவள் சாமான்களைக் கட்டி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினோம்.

நைஜல் அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டார். தன் அறைக்குப் போய், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, சாப்பாட்டு அறையில் உட்கார்ந்துகொண்டார். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கேட்டேன். வருகிறவருக்காக என்றார். அந்தப் பதில் வரும்வரை நான் காத்திருந்தேன் என்பதை மட்டும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை ஆய்வாளர் வந்தார். பிக்கரிங் அம்மையார், நனைந்த கோட்டு, கையில் சாதாரண நோட்டு. லொரெய்ன் கேக்கை வெட்டினாள். பழங்களைக் காட்டினாள், அட்டைகளைக் காட்டினாள். ட்ரூடி தானாக விரும்பி இடம் மாறுகிறாள் என்று கண்ணில் நீர் ததும்பச் சொன்னாள். தன் பொய்யைத் தானே நம்பிவிடுகிறவளின் கண்ணீர் அது, பார்க்க அசலாகவே இருக்கும். சோபாவில் ட்ரூடி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பிக்கரிங் அம்மையார் நைஜலின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க இங்க எப்படி இருக்கீங்க? என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

நைஜலின் வாய் திறந்தது.

"அவருக்குப் பேச்சு அவ்வளவா வராதுங்க" என்றாள் லொரெய்ன். "ரொம்ப சந்தோஷமா இருக்கார். இல்லையா செல்லம்?"

வாய் மூடியது. ஆய்வாளர் எதையும் எழுதவில்லை. தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த நீல எழுத்துகளைப் படித்தார், பிறகு லொரெய்னைப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

நைஜல் மூச்சை இழுத்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். மூன்று. நான்கு. லொரெய்ன் எழுந்து நின்றாள்.

"அவர் நடைக்குப் போற நேரம் இது. ஜில், கூட்டிட்டுப் போ. கோட்டு மாட்டிவிடு."

எங்கள் இல்லத்தில் நைஜல் நடைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு வருடமாக அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்னவள் நான். நிறைய விஷயங்களுக்குக் கையெழுத்தும் போட்டவள். அந்தக் கோட்டை எடுக்கக் கால் தானாக ஓர் அடி வைத்துவிட்டது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

"அவர் இன்னும் முடிக்கல" என்றேன்.

"என்ன?"

"பேச ஆரம்பிச்சிருக்கார். உக்காரு, லொரெய்ன்."

அவள் உட்காரவில்லை. ஆய்வாளர் இருக்கும்போது எங்கள் மேலாளர் யாரையும் அதட்ட மாட்டாள். ஏழு. எட்டு. பத்தும் ஆனது, அதற்கு மேலும் ஆனது. பிக்கரிங் அம்மையார் அசையவே இல்லை. சோபாவிலிருந்து ட்ரூடி எழுந்து வந்து நைஜலின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கினார், அவள் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்ட" என்றார் நைஜல். மறுபடி மூச்சு வாங்கினார். "யார்கிட்ட கேக்கணும்னு தெரியல. அதனால உங்ககிட்ட கேக்குறேன். ட்ரூடி போக வேண்டாம். எனக்கும் ட்ரூடிக்கும் ஒரே ரூம் வேணும்."