பழைய பதிப்பே போதும்

புதிய பதிப்பு வந்துவிட்டது, இப்போது நிறுவட்டுமா, பிறகு நினைவூட்டட்டுமா என்று கேட்டபடி திரையின் மூலையில் அந்தப் பெட்டி முளைத்தது. வழக்கம்போல் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு டீயை எடுத்துக்கொண்டேன். பதினான்கு மாதமாக என் காலைகள் இப்படித்தான் தொடங்கின. அடுத்து இன்னொரு காரியமும் செய்வேன். இந்தப் பாட்டுப் பதிவு மென்பொருளை வைத்துப் பிழைக்கிறவர்கள் கூடிப் புலம்புகிற ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அதைத் திறந்து, புதிய பதிப்புக்கு மாறி மாட்டிக்கொண்டவர்கள் யார் யார் என்று பார்ப்பேன். ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக மூடிக்கொள்கிறதாம். இன்னொருவருக்கு வயலின் மட்டும் காணாமல் போகிறதாம். மூன்று நாள் வேலை மொத்தமும் போய்விட்டது என்று ஒரு ஆள் எழுதியிருந்தது அன்று கண்ணில் பட்டது. படித்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகம் தெரியாத மனிதனின் கஷ்டத்தில் இப்படிக் குளிர்ந்துபோகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன். சின்னவளிடம் காட்ட வேண்டும்.

சின்னவள் என் மனைவியின் தங்கை. முப்பத்தெட்டு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். ஸ்டுடியோவை நாங்கள் இரண்டு பேரும் கூட்டாக நடத்துகிறோம். கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள், நடுவே தடித்த கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் பாடுகிறவர்கள், இந்தப் பக்கம் நான். பாடுவதும், பாட வருகிறவர்களைப் பக்குவமாக வழிக்குக் கொண்டுவருவதும், தேதி கொடுப்பதும், கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவதும் அவள் வேலை. மெஷின் என்னுடையது. பதினொரு வருடமாக இந்தப் பாகப்பிரிவினையில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அன்று அவள் செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தை ஆரம்பித்துவிட்டாள். குழந்தைகள் பாட்டு பன்னிரண்டைப் பதிப்பாளர் ஒருவருக்காகச் செய்துகொண்டிருந்தோம். அடுத்த வாரம் சனிக்கிழமை அவர் வந்து கேட்கப்போகிறார். வாத்தியம் முழுக்க வாசித்தவர் எங்கள் கீபோர்டுக்காரர். அவரும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டார். அவர் அனுப்புகிற கோப்பு எங்கள் பழையதில் திறக்காது என்பதால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். இனிமேல் முடியாது என்று காலையில் போன் செய்துவிட்டாராம். பாட்டுக்கு நாற்பது துண்டு, பன்னிரண்டு பாட்டு, என் வீட்டில் என்ன ஆபீஸா நடக்கிறது என்று கேட்டாராம்.

நான் பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினேன். அவள் நின்றுகொண்டே படித்தாள். இதெல்லாம் போன வருடத்துப் புலம்பல், அதற்கப்புறம் நாலு தடவை சரிசெய்து விட்டிருக்கிறார்கள் என்றாள். நடுவில் மாற்றினால் கையில் இருக்கிற வேலையும் போகும் என்றேன். வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் தனியாகப் போட்டுப் பார்க்கலாம், பழையது அப்படியே இருக்கட்டும் என்றாள். பைக்குள் கையை விட்டு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தும் விட்டாள். பதில் இல்லாதபோது மனிதர்கள் என்ன செய்வார்களோ அதை நானும் செய்தேன்.

"பாடறது உன் வேலை. மெஷின் என் வேலை. அதுல தலையிடாத."

அவள் டிஸ்க்கை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய் மைக்குக்கு முன்னால் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

உட்கார முடியவில்லை. எழுந்து வயர்களைச் சுருட்டினேன். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினேன். நான் பயந்தது அந்த மென்பொருளுக்கு இல்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் கீழே கண்ணாடி அறுக்கிற கீச்சுச் சத்தம் திடீரென்று நின்றுபோனது. கடைக்காரர் நல்ல மெஷினாக வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன், ஒருநாள் பாராட்டவும் செய்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அதற்கடுத்த மாதம் மகளுக்குக் காய்ச்சல். அவள் அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, அது ஒலிக்கட்டும் என்று காத்திருந்தேன். "அது எப்பவோ கத்திருச்சுப்பா" என்றாள் அவள், கண்ணை மூடியபடியே. மறுநாள் ஸ்டுடியோவில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஓசையின் சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு இடத்துக்கு மேல் திரையில் முள் ஆடியது, அறை சும்மா இருந்தது. ஒலியை இன்னும் கூட்டினேன். முள் துள்ளியது. அறை சும்மாவே இருந்தது.

மணிச்சத்தம், சலங்கை, பாடுகிறவர்களின் வாயில் 'ச'வும் 'ஸ'வும் சீறுகிற சீறல், எல்லாம் அந்த இடத்துக்கு மேலே இருக்கின்றன. பாட்டின் ஒலிகளைச் சமன் செய்கிறவனுக்கு அங்கேதான் பாதி வேலை. யாரிடமும் சொல்லவில்லை. ஒலியை நிறம் நிறமாகப் படம் போட்டுக் காட்டுகிற ஒரு சின்னத் துணைக்கருவி எங்கள் பழைய பதிப்பில் இருந்தது. நன்றாகக் கேட்ட காலத்தில் நானே சமன் செய்த பாட்டுகளை அதில் ஓட்டிப் பார்த்து, சிவப்பு எவ்வளவு உயர்ந்தால் சீறல் என்று படித்துக்கொண்டேன். திரையில் பேனாவால் இரண்டு கோடு போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கோடுகள்தான் என் காது. கருவியைச் செய்த ஆள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார், புதிய பதிப்பு அதை ஏற்காது. வேறு படங்கள் ஆயிரம் இருக்கலாம். அவற்றில் கோட்டை எங்கே போடுவது என்று சொல்ல ஒரு காது வேண்டுமே.

மதியம் டீச்சர் வந்தார். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பாட வருகிறவர். வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தும், அன்று என்னவோ அதிசயமாக, முதல் தடவையிலேயே பாட்டு அமைந்துவிட்டது. எறும்புகள் வரிசையாகப் போகிற பாட்டு. கடைசி அடியில் அவர் தானாகவே ஒரு சின்னச் சிரிப்பைச் சேர்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சின்னவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அந்த நொடியில் திரை உறைந்தது. சுட்டியை அசைத்தேன், விசைகளை அழுத்தினேன், அது அசைந்துகொடுக்கவில்லை. அரை நிமிடம் கழித்துப் பழைய பதிப்பு, பத்திரமானது என்று பதினான்கு மாதமாக நான் சாட்சி சொல்லிவந்த அதே பதிப்பு, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால் எறும்புகள் இல்லை.

டீச்சர் இன்னும் மூன்று தடவை பாடினார். சிரிப்பு வரவேயில்லை. "பரவால்ல சார், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் தேர்வு என்பதும் நினைவுக்கு வர, தயங்கித் தயங்கிப் படியிறங்கினார்.

சின்னவள் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

"புதுசுன்னா விழுந்துடும்னு சொன்னீங்க. பழசும்தான் விழுது. அப்புறம் என்னத்துக்கு பயப்படறீங்க அத்தான்?"

"எனக்கு மேல் சத்தம் கேக்கல."

"இப்பவா?"

"நாலு வருஷமா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்பீக்கர்களை, பிறகு திரையை. அதில் இருந்த இரண்டு பேனாக் கோடுகளை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவள்போலப் பார்த்தாள்.

"அப்போ நாலு வருஷமா நான் பாடினதையெல்லாம் யாரு கேட்டுட்டிருந்தாங்க?"

"கேக்கல. பாத்துட்டிருந்தேன்."

அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள். என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பாடிய பழைய பாட்டுகளில் மூன்றை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முதல் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றாள். மூன்றாவதில் ஓரிடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டாள். எனக்கு எல்லாத் தடவையும் ஒரே மாதிரி வழுவழுவென்று ஓடிய இடம் அது.

"இதுல ச சீறுது. அப்பவே எனக்குத் தோணுச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலையா, சரி, என் பல்லுலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

போன வருடம் அவள் முன்பல்லை ராவிக்கொண்டாள். பாட்டில் 'ச' சரியாக வரவில்லை என்று அவள் சொன்னபோது, நல்ல டாக்டர் இருக்கிறார் என்று வண்டியில் கூட்டிக்கொண்டு போனவன் நான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பழைய வாரப்பத்திரிகையில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தேன். முடிந்து வந்ததும் கன்னத்தைப் பிடித்தபடி, "இப்ப சரியா வருதா பாருங்க" என்று இரண்டு வரி பாடிக்காட்டினாள். நன்றாக வருகிறது என்றேன்.

அன்றும் எனக்குக் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பதினொரு மணிக்கு வந்தாள். டிஸ்க்கை மாட்டுங்கள் என்று கையாலேயே காட்டினாள். மாட்டினேன். புதிய பதிப்பு ஏறுவதற்குள் மூன்று டீ குடித்தேன், படியில் இறங்கி ஏறினேன். முதல் தடவை திறந்ததும் அது மூடிக்கொண்டது. அவள் உதட்டைச் சுழித்துவிட்டு மறுபடி திறந்தாள். கீபோர்டுக்காரரின் நாற்பது துண்டுகளும் ஒரே கோப்பாக வந்து வரிசையில் நின்றன.

அவள் என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள். வெளியாட்கள் நிற்கிற இடத்தில், சுவரோரம், கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் நின்றேன். பாட்டு ஓடத் தொடங்கியது. புல்லாங்குழல் வந்தது, டீச்சரின் குரல் வந்தது. பாதியில், எனக்கு வழுவழுவென்று ஓடிய ஓரிடத்தில், அவள் கழுத்து லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. என்ன என்று கேட்டேன். அவள் திரும்பாமல், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் இடது கையை மட்டும் உயர்த்தினாள். பாட்டு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.