வலது பக்கம் காலி

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. லைசென்ஸ் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் அது தொப்பென்று வந்து உட்கார்ந்தது.

நான் அங்கே போனது என் லைசென்ஸைப் புதுப்பிக்க. வண்டியைத் தொட்டே பல வருஷமாகிறது. இன்று என்னை ஓட்டச் சொன்னால் ஹாரனைத் தவிர வேறெதையும் தைரியமாக அமுக்க மாட்டேன். இருந்தாலும் கவுன்டரில் இருந்த பெண் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் புது அட்டையை நீட்டிவிட்டாள். அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தாள். யாரிடம் என்றில்லாமல், கூடத்துக்கே சொன்னாள்:

"கண்ணு போனவருக்கு லைசென்ஸ் உண்டாம். கண்ணு இருக்கறவளுக்குக் கிடையாதாம். நல்லா இருக்கு நியாயம்!"

நான் குடும்பக் கதை எழுதுகிறவள். என் கதைகளில் மாமியார் கடைசி அத்தியாயத்தில் மனம் மாறுவாள். பிரிந்தவர்கள் மழையில் சேர்வார்கள். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை டங்கென்று வைப்பேனே தவிர, அதை வைத்து எழுதியதில்லை. இது முதல் தடவை. எங்கேயாவது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டே அவ்வப்போது ஒரு 'ம்' கொட்டுங்கள். என் காதில் விழாது. ஆனாலும் கொட்டுங்கள், கதை சொல்கிறவளுக்கு அது ஒரு தெம்பு.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனி விலகாத சாலையில் அவளுடைய வெள்ளை வேன் அன்னம் போல—"

அடித்துவிட்டேன். தேர்வு நடந்தது மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயிலில். வேன் சாம்பல் நிறம். அதற்கும் அன்னத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "கல்யாணம் என்பது ஒரு நீண்ட பயணம்—"

இதையும் அடித்தேன். என்னுடைய மூன்று நாவல்கள் ஏற்கெனவே இப்படித்தான் தொடங்குகின்றன.

சரி, நேராகவே சொல்கிறேன்.

3

அவளும் அவள் கணவரும் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, குளியலறை நிலைக்கண்ணாடி. அவர் அளந்து வெட்டுவார். அவள் விளிம்பு தேய்ப்பாள். வேனுக்குள் மரச்சட்டத்தில் சாய்த்துக் கட்டி, வீட்டுக்கே கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பார்கள். வேனை ஓட்டுவது அவர்.

அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. எதிரே இருப்பது பளிச்சென்று தெரியும். மூன்றடி தள்ளி நின்று கண்ணாடியில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிப்பார். திரும்பினால் முழங்கையருகே நிற்கும் மனைவி மேல் முட்டிக்கொள்வார். கண் டாக்டர், "வண்டி ஓட்டறத விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் டாக்டர் சொன்னது அவருடைய சட்டைப்பையில் இருக்கும் அட்டைக்குக் கேட்கவில்லை. அது இன்னும் பல வருஷத்துக்குச் செல்லும்.

ஒருநாள் வேனின் இடது பக்கக் கண்ணாடி ஒரு வீட்டுக் கேட்டில் இடித்துப் பெயர்ந்தது. "என்னய்யா, கண்ணாடிக்கடை வண்டிக்கே கண்ணாடி இல்ல?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். இவரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சரக்கோடு போகும்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இடது பக்கம் சைக்கிள்."

"ம்."

"வலது பக்கம் காலி."

"ம்."

அந்த 'ம்' வந்தால்தான் அவர் காதில் விழுந்தது என்று அர்த்தம். வராவிட்டால் இன்னும் உரக்கச் சொல்வாள்.

"இது சரிப்படாது. வண்டிய நிறுத்துங்க" என்றாள் ஒருநாள்.

"நிறுத்திட்டு? கண்ணாடிய தலையில வச்சுட்டு நடக்கவா? டிரைவர் வச்சா, அவன் உடைக்கறத வெட்டிக் குடுக்கவே நமக்கு நேரம் சரியா இருக்கும்."

"அப்ப நான் ஓட்டக் கத்துக்கறேன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். அவள் முகம் நேர் எதிரே இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"சரி. நீ பாஸ் பண்ற அன்னைக்கு சாவி உன் கையில. அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொட்டா ஏன்னு கேளு."

"தொட்டுத்தான் பாருங்களேன்!"

இவ்வளவுதான் கதையின் முடிச்சு. அவள் தேறினால் அவர் இறங்கிவிடுவார். தேறாவிட்டால் அடுத்த தேதி கிடைக்கும்வரை அந்த வேன் அவருடைய குழாய்ப் பார்வையோடு தெருவில் ஓடும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எல் போர்டு மாட்டிய வண்டியில் வியாபாரச் சரக்கு ஏற்றக் கூடாது. ஆகவே சரக்கு இருந்தால் அவர் ஓட்டுவார். காலி வண்டியை அவள் ஓட்டலாம், ஆனால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க வேண்டும். சட்டப்படி அந்த ஒருவர், அவர். மேற்பார்வை! இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.)

4

அவர் கற்றுக்கொடுத்த முறையைச் சொல்ல வேண்டும். வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்றை வேனுக்குள் கட்டாமல் நிறுத்தி வைப்பார். "இது விழாம நிறுத்து. அதுதான் பிரேக்கு." முதல் வாரத்தில் தினமும் கூட்டி அள்ளினாள். போகப் போக, தூங்கும் குழந்தையைப் படுக்கையில் விடுவது போல வண்டியை நிறுத்தக் கற்றுக்கொண்டாள்.

முதல் தேர்வு. நேர்ச் சாலை. தேர்வாளர் திடீரென்று கையிலிருந்த அட்டையால் டேஷ்போர்டில் தட்டினார். அப்படித் தட்டினால் வண்டியை அந்த நொடியே நிறுத்த வேண்டும். அவள் நிறுத்தினாள். அழகாக, மெத்தென்று, ஒரு குலுக்கல் இல்லாமல், வெகுதூரம் தள்ளிப்போய்.

"அவசரத்துக்கு நிற்கவில்லையே அம்மா."

"சார், பின்னால கண்ணாடி—"

"வண்டி காலியாக இருக்கிறது."

"எனக்குத் தெரியுது சார். காலுக்குத் தெரியல."

தோல்வி.

அடுத்த தேதி வரும்வரை அவர்தான் ஓட்டினார்.

5

இரண்டாவது தேர்வில் வண்டி சடக்கென்று நின்றது. தேர்வாளரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழும் அளவுக்கு நின்றது. பின்னோக்கி எடுப்பது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, எல்லாம் பிசகில்லாமல் முடிந்தது. கடைசியில் ஒரு சந்திப்பு.

"வலது பக்கம் திரும்பவும்," என்றார் தேர்வாளர்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். சாலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"வலது பக்கம் காலி," என்றாள்.

பிறகு காத்திருந்தாள்.

எதற்கு என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அவளுக்கு அப்போது புரியவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து வர வேண்டிய ஒன்று வரவில்லை, அவ்வளவுதான். வழி சொல்வதைத் தவிர வேறெதுவும் பேசத் தேர்வாளருக்கு அனுமதி இல்லை. அவரும் வெளியே பார்த்தார். சாலை காலியாகத்தான் இருந்தது.

"காலி சார்," என்றாள் மறுபடியும், உரக்க.

பின்னால் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

காரணமில்லாத் தயக்கம் என்று எழுதிக் கொடுத்தார்கள். காரணமில்லாததாம்! அந்தக் காரணம் அப்போது காத்திருப்புக் கூடத்துக்கு வெளியே, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்று தெரியாமல் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நின்றிருந்தது. அவரைத் தாண்டி உள்ளே வந்துதான் அவள் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

6

இதுவரை எழுதியதை என் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். எதை எழுதினாலும் முதலில் அவளுக்குத்தான்.

"அந்த டெஸ்ட் எடுக்கறவன நல்லா வில்லனாக்கு. படிக்கறவங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டாமா?"

ஆக்கிப் பார்த்தேன். "ஏளனச் சிரிப்போடு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அவர்—" என்று ஒரு பத்தி. அலமாரிக் கதவுக்கு அளவு கொடுக்கும் சாக்கில் கடைக்குப் போனபோது அதை அவளிடம் சொன்னேன். விளிம்பு தேய்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"ஐயோ, அந்த சார் பாவம். தூசி ஒத்துக்காது போல, தும்மிட்டே இருந்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் மன்னிச்சுக்கோங்கன்னார். ஃபெயில் போட்டதுக்கு மட்டும் சொல்லல."

அந்தப் பத்தி போயிற்று. இப்போது என் கோபத்துக்கு உட்கார ஓர் இடமில்லை. இன்னொருவரின் 'ம்' இல்லாமல் நகராதவளைத் தனியாகத் தெருவில் விடலாமா என்றால், கூடாதுதான். தேர்வாளர் எழுதியது சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவளுடைய கண், கால், தயக்கம் எல்லாவற்றையும் சலித்துப் பார்க்கிற அதே அலுவலகம், அவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "இந்த விரல் தெரியுதா?" என்று கேட்காதா?

அவள் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கிறாள்.

"அவரே வந்து சொல்லணும்மா," என்றதாம் கவுன்டர்.

அவரிடம் நானே கேட்டேன். வெட்டுக்கோலைக் கண்ணாடி மேல் வைத்தபடி, என்னைத் தேடித் திரும்பிச் சொன்னார்: "அவ பாஸ் பண்ணட்டும்மா, நானே போய் அட்டையக் குடுத்துடறேன். அதுக்கு முன்னாடி குடுத்தா, அவளுக்குப் பக்கத்துல உக்கார யாரு இருக்கா?"

என் கதாநாயகர்களை நான் திட்டுவதில்லை. இவரைத் திட்டினேன். "நாளைக்கு யார் மேலயாவது ஏத்தினீங்கன்னா?" என்று கேட்டேன். அவர் கீறிய கோட்டில் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடி நேராகப் பிரிந்தது. அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் கேட்டது அவள் தினமும் கேட்கிற கேள்வி என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: அவள் தேறுகிறாள். வாசலில் அவர் சாவியை நீட்டுகிறார். அவள் கை நடுங்குகிறது. "இனிமே நீ கூட்டிட்டுப் போற இடந்தான்" என்கிறார். அக்கா மூக்கை உறிஞ்சினாள். "இதுதான்டி நீ! இதையே வச்சுக்கோ."

நானும் கொஞ்சம் உறிஞ்சினேன். பிறகு கிழித்தேன். இதைப் படித்தவர் புன்னகையோடு புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கிவிடுவார். நான் எழுத உட்கார்ந்தது யாரையும் தூங்க வைக்க அல்ல.

இரண்டாவது முடிவு: மறுபடி தோற்கிறாள். அடுத்த வாரம் அவருடைய வேனின் இடது பக்கத்தில், அந்தக் குழாய்க்கு வெளியே, பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு—

முடியாது. ஓர் அலுவலகத்துக்குப் புத்தி சொல்ல என் கையால் ஒரு குழந்தையைக் கீழே தள்ள மாட்டேன். உறைக்காதவர்களுக்கு அப்போதும் உறைக்காது.

8

நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நானே பார்த்தது. என் அலமாரிக் கதவைப் பொருத்திவிட்டுக் காலி வண்டியில் திரும்பினார்கள். நானும் முன் இருக்கையில் ஓரமாக ஒண்டிக்கொண்டேன். அவள் ஓட்டினாள். புறப்படும் முன் அவர் கைக்குட்டையை எடுத்துப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார்.

"என்னங்க இது கூத்து?"

அவர் ஸ்டியரிங்கைக் காட்டினார். 'ம்' தவறிக்கூட வெளியே வந்துவிடக் கூடாது என்று அடைத்திருக்கிறார்.

முதல் சந்திப்பு. "வலது பக்கம் காலி," என்றாள். பதில் இல்லை. "காலிங்க!" இல்லை. கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளை நேராகப் பார்த்தார். பிறகு, வேண்டுமென்றே, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். அவர் கை டேஷ்போர்டை இறுகப் பற்றியிருந்தது. நகங்கள் வெளுத்துப் போயிருந்தன.

"பாவி மனுஷா," என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள். சுத்தமாகத் திரும்பினாள்.

அடுத்த சந்திப்பில் மறுபடியும் நின்றுவிட்டாள். அதற்கடுத்ததில் எடுத்தாள். நான்காவதில், பின்னால் ஹாரன் அடிக்கும்வரை நின்றாள்.

9

மூன்றாவது தேர்வு நாளை. இந்தக் கதையை இன்று முடித்துக் கொடுக்க வேண்டும். அக்கா காலையிலிருந்து கேட்கிறாள், "பாஸா, ஃபெயிலா? ஏதாவது ஒண்ணு எழுதேன்டி." எழுத மாட்டேன். அவளுடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிற அட்டையை நான் காகிதத்தில் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

சந்திப்புவரை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மத்தியான வெயில். சாம்பல் நிற வேன். பின்னால் கண்ணாடி இல்லை, காலுக்கும் அது இப்போது தெரியும். தேர்வாளர் தும்முகிறார், மன்னிப்புக் கேட்கிறார், வலது பக்கம் திரும்பச் சொல்கிறார். அலுவலக வாசலில் ஒருவர் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேனின் மாற்றுச் சாவி ஒரு பையில், அட்டை இன்னொரு பையில்.

அவள் இடது பக்கம் பார்க்கிறாள். வலது பக்கம் பார்க்கிறாள். நானும் பார்த்துவிட்டேன். நீங்களும் பாருங்கள்: யாரும் இல்லை.

"வலது பக்கம் காலி," என்கிறாள்.

இவ்வளவு நேரம் எனக்காக 'ம்' கொட்டிக்கொண்டு வந்தீர்கள். நன்றி. இங்கே மட்டும் வேண்டாம். தொண்டைவரை வந்துவிட்டது, தெரிகிறது. எனக்கும்தான். கைக்குட்டை இருந்தால் வாயில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் இந்தப் பக்கம் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

வண்டி கியரில் இருக்கிறது. சாலை காலி. அவள் கால் கிளட்சிலிருந்து மெல்ல