நடக்கத் தெரிந்த பிள்ளை

வாண்டு எதையும் பிடிக்காமல் முதன்முதலாக நடந்தபோது அவளுடைய அம்மா கைதட்டவில்லை. தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போய், மாடிப்படிப் பக்கத்துக் கதவைச் சாத்தினாள். பிறகுதான் வந்து, தள்ளாடிக்கொண்டிருந்த பிள்ளையை வாரியெடுத்து, சத்தம் வராமல் முத்தமிட்டாள். கண் கலங்கியது. எதற்கென்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாடியில் ஓரகத்தி இருந்தாள். கணவனின் அண்ணன் மனைவி, மழலைப் பள்ளி டீச்சர். அக்கா என்றுதான் இவள் கூப்பிடுவாள். கூடப்பிறந்தவளிடம்கூட இவளுக்கு அத்தனை ஒட்டுதல் இருந்ததில்லை. இருவருக்கும் ஒரே மாதத்தில்தான் பிரசவம். அக்காவின் மகன் பட்டு பிறந்தவுடன் அழவில்லை என்று அப்போது யாரோ சொன்னார்கள். அழுத பிறகு எல்லோரும் அதை மறந்துபோனார்கள். வாண்டு முகம் பார்த்துச் சிரித்தாள், கழுத்து நின்றது, குப்புற விழுந்தாள். பட்டு கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். "ஆம்பளைப் பிள்ளை கொஞ்சம் சோம்பேறியாத்தான் இருக்கும். இவன் அப்பனை இப்பவும் பாரேன், தண்ணி ஊத்தினாத்தான் எந்திரிக்கிறான்" என்று மாமியார் சொல்ல, வீடே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

தடுப்பூசிக்குப் போன ஒருநாள் டாக்டர் பட்டுவை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கைகளையும் பிடித்து மெல்லத் தூக்கினார். உடம்பு எழுந்தது, தலை அதோடு சேர்ந்து எழவில்லை. பின்னால் தொங்கியது. "இந்த வயசுக்குக் கழுத்து நின்னிருக்கணும்மா" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்றார்கள்.

"நடப்பானா டாக்டர்?"

"முதல்ல உட்கார வைக்கப் பார்ப்போம்."

அக்கா பள்ளிக்கு நீண்ட விடுப்பு போட்டாள். காலையில் பட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வருவாள். இங்கேதான் பாய் விரிக்க இடமிருந்தது. இவள் பட்டுவின் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, அக்கா அவனுடைய விறைத்த கால்களை மடக்கி மடக்கி நீட்டுவாள். பட்டு சிணுங்குவான். அவனைச் சமாதானப்படுத்த அக்கா வகுப்பில் பாடும் பாட்டையெல்லாம் பாடுவாள். பாட்டுக்கு நடுவே கேட்பாள்.

"வாண்டு நடக்க ஆரம்பிச்சாளா?"

"எங்கக்கா... பிடிச்சுக்கிட்டு நிக்குறா, அவ்வளவுதான்."

அந்த நேரம் வாண்டு எழப் பார்த்தால் இவள் தோளை அமுக்கி, "உட்காரு" என்பாள். பாவம், பார்த்தால் அக்கா தாங்குவாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் "வயிறெரிஞ்சு நிக்கிறவ கண்ணு பொல்லாதது, பிள்ளையைக் கொஞ்சம் மறைச்சே வை" என்று மாமியார் காதோடு சொன்னதும் உள்ளே முள்ளாகக் கிடந்தது. இரண்டில் எது தன் கையை அமுக்கவைக்கிறது என்று அவள் தோண்டிப் பார்த்ததில்லை. போகப் போக அமுக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே வாண்டு நின்ற இடத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள்.

ஒருநாள் அக்கா வெறுங்காலோடு இறங்கி வந்துவிட்டாள். கூடத்தின் நடுவில், பிடிக்க ஒரு சுவர்கூட அருகில் இல்லாமல், நூல்கண்டும் கையுமாக வாண்டு நின்றுகொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பார்த்த கணமே உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டு, சரியா என்று கேட்பதுபோல அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா பட்டுவைப் பாயில் கிடத்தினாள். வாண்டுவின் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள். அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"தவழுற பிள்ளைக்கு முட்டிதான் கறுக்கும். எப்ப இருந்து?"

"கொஞ்ச நாளா... நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்க்கா."

"என் பிள்ளைக்குக் கால் வரலைன்னா உன் பிள்ளை காலையும் கட்டிப் போடுவியா?" குரல் உயரவில்லை, உடைந்தது. "இந்த வீட்டுல ஒரு நல்லது நடந்தா எனக்குச் சொல்ல ஆளில்ல. நான் வந்தா பேச்சு நின்னுபோகுது. நான் என்ன, கண்ணு வச்சிடுவேனா?"

"ஐயோ, இல்லக்கா" என்றாள் இவள். அந்த 'இல்ல' ஒரு நொடி தாமதமாகத்தான் வந்தது. இருவருக்குமே அது கேட்டது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பாயின் மறுகோடிக்குப் போய் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். வகுப்பில் பிள்ளைகளைக் கூப்பிடும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"வா தங்கம். பெரியம்மாகிட்ட நடந்து வா, பார்க்கலாம்."

வாண்டு அசையவில்லை.

"போம்மா, நட" என்றாள் இவள். "எந்திரிச்சு நடந்து போம்மா."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். நூல்கண்டை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பட்டுவின் கால்களைச் சுற்றிக்கொண்டு, நீட்டிய கைகளை நோக்கித் தவழ்ந்து போனாள்.